கனத்த குழந்தைகள்

வெள்ளையம்மாவின் மூன்றாவது குழந்தையும் செத்தே பிறந்தது. ஆண் குழந்தை. தராசில் வைத்தபோது பதினோரு பவுண்டுக்கு மேல் இருந்தது. கன்னம் உப்பி, தோள் அகன்று, கைகால்களில் மடிப்பு மடிப்பாகச் சதை. மூச்சைத் தவிர வேறு ஒரு குறையும் அதற்கு இல்லை. நர்ஸ் சாந்தம்மா அதைத் துணியில் சுற்றும்போது, "ஆறு மாசக் கொழந்த மாதிரி இருக்குதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அது 1953 ஐப்பசி. ஓசூரில் பெங்களூர் சாலையோரம் இருந்த சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசீலி சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தையைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, கை கழுவாமலே வெளியே வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்க்காரியிடம் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி ரெண்டும் எப்படிங்கம்மா இருந்துச்சு?"

மாரம்மா அழவில்லை. நாட்றாம்பாளையத்திலிருந்து காட்டுப் பாதையில் மாட்டுவண்டி கட்டி, அஞ்செட்டி வந்து, பஸ் பிடித்து, வலியெடுத்த மருமகளை இங்கே கொண்டுவந்து சேர்த்த களைப்பு அவளுக்கு. "மூணும் இப்பிடித்தான். தூக்க முடியாத கனம். எங்கூரு மருத்துவச்சி சொன்னா, இவ வயித்துல எதுவோ பூந்துக்கினு கொழந்தைய ஊத வெச்சுக் கொல்லுதுன்னு. எம் மகன் சென்னப்பனுக்கு வேற பொண்ணு பாக்கணும், வேற என்ன?"

ஜெபசீலி அதற்கு மேல் நிற்கவில்லை. வெள்ளையம்மாவின் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்லி, நீல மருந்தில் சில துளி விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பால் சுரக்கிற சமயத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும். ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினாள். முடிவு வருகிறவரை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி. வயிற்றிலிருந்த குழந்தைகளைக் கொழுக்க வைத்ததும் கடைசி வாரங்களில் கொன்றதும் அதுதான்.

இருப்புக் கொள்ளாமை அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய அப்பா யேசுராஜ் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தவர். சாப்பாட்டுத் தட்டோடு வீட்டுக்குள் சுற்றும் மகளைப் பார்த்து, "உக்காந்து சாப்பிட்டா என்ன, யாரு துரத்துறா?" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுச் சலித்தவர். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தபோது அவள் பொது மருத்துவப் பிரிவில் சர்க்கரை நோயாளிகளோடு வேலை பார்க்க ஆசைப்பட்டாள். ஒரு வியாதி கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் ஒரேயடியாகத் தொட்டு நிற்பது அவளை விடாமல் இழுத்தது. பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "பெண்களுக்கு நோய்ப் பிரிவு எதுக்கு? பிரசவம் பாருங்க, ஊருக்குத் தேவை அதுதான்" என்று முடித்துவிட்டார். இரண்டு வருஷம் பிடிவாதமாக அந்த வார்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் விலகி வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து சேலத்தில் ஒன்று. எங்கே போனாலும் சேலை கட்டின டாக்டர் என்றால் பிரசவ அறையைத்தான் காட்டினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் எங்கேயும் அவள் தங்கவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சிங்கராயர் அறுவை சிகிச்சைக்காரர். அறுபதை நெருங்கியவர். அவருக்கும் பிரசவம் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. ஜெபசீலி ஒரு நிபந்தனை போட்டாள். வாரம் முழுக்கப் பிரசவ அறையைப் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை மட்டும் மருந்துக் கிடங்கை ஒட்டின அறையில் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்க விட வேண்டும்.

"யார் வரப்போறாங்க?" என்றார் சிங்கராயர்.

"வரட்டும் சார். வராட்டி கிடங்கக் கூட்டிச் சுத்தம் பண்றேன்."

முதல் சனிக்கிழமைகளில் அவள் கிடங்கைத்தான் கூட்டினாள். பட்டு வியாபாரி ஒருவர் உள்ளே எட்டிப்பார்த்து, "பிரசவ டாக்டரம்மாவா?" என்று கேட்டு அப்படியே திரும்பிப் போனார். நிலைத்து வந்த முதல் ஆள் கிருஷ்ணப்பன். தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். கிளட்ச் மிதிக்கிற காலின் கட்டைவிரலில் ஆறாத புண். மூன்று டாக்டர்களிடம் களிம்பு வாங்கித் தடவியாயிற்று. ஜெபசீலி புண்ணைப் பார்க்குமுன் சிறுநீரைக் காய்ச்சினாள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை. சிங்கராயர் அதை எடுக்க வேண்டி வந்தது. ஆனால் கால் தப்பியது, ஸ்டியரிங்கும் தப்பியது. அதன் பிறகு கிருஷ்ணப்பன் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் யாராவது அடிக்கடி ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினால், அவர்களிடம் சனிக்கிழமை அறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆண்களும் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

வெள்ளையம்மா குணமாகி ஊருக்குக் கிளம்பும் நாளில் ஜெபசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "களிய அளவாச் சாப்பிடு. வெல்லம் தொடாத. அடுத்த தடவ மாசம் தப்பினா ஒடனே இங்க வந்துடு. கொழந்த பொழைக்கும். நான் சொல்றேன்."

வெள்ளையம்மா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இருந்ததா என்று ஜெபசீலிக்குப் புரியவில்லை.

அப்புறம் அவள் வரவே இல்லை. ஒரு வருஷம் போனது, இன்னொன்றும் ஓடியது. ஓசூர் எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று பஸ் ஸ்டாண்டில் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபசீலி அஞ்செட்டிப் பக்கத்து ஆட்கள் யார் கண்ணில் பட்டாலும், "நாட்றாம்பாளையத்துல சென்னப்பன் வூட்டுப் பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்பாள். சிலர் தெரியாது என்றார்கள். ஒருவர் சென்னப்பனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள் என்றார்.

1955 கார்த்திகையில் ஒருநாள் கிருஷ்ணப்பன் வந்து சொன்னார்: "டாக்டரம்மா, அந்தப் பொண்ணு முழுகாம இருக்குதாம். அஞ்சு மாசம் தாண்டியிருக்கும்னு பஸ்ஸுல பேசிக்கினாங்க. வெளியில வுடறதில்லையாம்."

ஜெபசீலி நேராகச் சிங்கராயரின் அறைக்குப் போனாள். "சார், எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வராதவங்களத் துரத்திப் பிடிக்கிறது ஆஸ்பத்திரி வேலை இல்ல, ஜெபசீலி. இங்க படுத்திருக்கிறவங்கள யாரு பாப்பாங்க?"

"நீங்க பாப்பீங்க சார்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

கிருஷ்ணப்பனின் பஸ்ஸில் அஞ்செட்டி வரை போய், அங்கிருந்து விறகு ஏற்றிவந்து வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த வண்டியில் கொஞ்ச தூரமும் மிச்சத்தை நடந்துமாகப் போனாள். யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிக்காரர் எச்சரித்தார். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், நீல மருந்து.

வீட்டு முற்றத்தில் மாரம்மா அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வாசலை மறித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். ஒரு பாட்டம் கன்னடத்தில் திட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "ஆஸ்பத்திரிக்கு வந்துதான் மூணாவதும் போச்சு. இதையாச்சும் வுடும்மா. கொலதெய்வத்துக்கு நேந்துக்கினு வூட்டோட வெச்சிருக்கறோம்."

"சரிங்கம்மா, கூட்டிட்டுப் போவல. ஒரே ஒரு சோதனை. உங்க கண்ணு முன்னாடி. அப்பறம் நான் போயிடறேன்."

சத்தம் கேட்டு வெள்ளையம்மா வெளியே வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. ஜெபசீலி அவளைச் சிறுநீர் பிடித்துவரச் சொல்லிவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து விளக்கை ஏற்றினாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நீல மருந்து கொதித்து நிறம் மாறி மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தது.

மாரம்மா குழாயைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "நீ எதையோ போட்டுட்ட" என்றாள்.

"எதுவும் போடல. யாரோடது வேணாலும் வெச்சுப் பாக்கலாம்."

"அப்ப என்னுதக் காய்ச்சு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாரம்மா சிரிக்கவில்லை. கொல்லைக்குப் போய்ச் சிறு கலயத்தில் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். ஜெபசீலி அதே மருந்தை, அதே அளவில் எடுத்துக் காய்ச்சினாள். கொதித்துக் கொதித்து அடங்கியது. நீலம் நீலமாகவே இருந்தது.

மாரம்மா இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதை ஜெபசீலி கவனித்தாள். "நான் பெத்தது ஏழும் நின்னுதுன்னா இதனாலதான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. அப்புறம் குரல் இறங்கியது. "அப்ப இவ வயித்துல பூந்துக்கினது இதா? பேயி கீயி இல்லையா?"

"இல்லைங்கம்மா. சர்க்கரை. இவ ரத்தத்துல இருக்கறது கொழந்தைக்கும் போவுது. ஊசி போட்டா அடங்கும்."

"செவப்ப நீலமாக்க முடியுமா?"

"முடியும். ஆஸ்பத்திரில வெச்சிருந்தா முடியும்."

 ஜெபசீலி வெள்ளையம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று கேட்டாள். "வரச் சொன்னேனே, ஏம்மா வரல? வுடமாட்டேன்னாங்களா?"

"அவங்க வுட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்" என்றாள் வெள்ளையம்மா, தரையைப் பார்த்தபடி. "நீங்க பொழைக்கும்னு சொல்வீங்க. நான் நம்பிடுவேன். மூணு தடவ வெறுங்கையோட வந்துட்டேன். நம்பிட்டு ஒரு தடவ வெறுங்கையோட வந்தா, என்னால முடியாதுங்க."

  "சரி, நான் அப்படிச் சொல்லல. முயற்சி பண்றேன்னு மட்டும் சொல்றேன். வர்றியா?" என்றாள் ஜெபசீலி.

மறுநாள் சென்னப்பனே வண்டி கட்டினான். அதிகம் பேசாத மனிதன். இரண்டாம் கல்யாணத்துக்கு வாய்திறந்து சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் இருந்தவன். வழி நெடுக மனைவியின் முதுகுக்கு வைக்கோல் திணித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த மாதங்களைப்போல ஜெபசீலி எந்தக் காலத்திலும் தவித்ததில்லை. காலையும் மாலையும் ஊசி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சோதனை. இன்சுலின் பெங்களூரிலிருந்து வரவேண்டும். தடுப்பூசி மருந்துகள் வைக்கிற மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியில் அதற்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். எல்லைக் கிளர்ச்சி மும்முரமாகி பஸ்கள் நின்றுபோனபோது குப்பி தீரும் நிலைக்கு வந்துவிட்டது. கிருஷ்ணப்பன் யாரோ ஒரு லாரிக்காரனைப் பிடித்துப் பெங்களூர் போய், ஈரத்துணியில் சுற்றிய குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று பகல் முழுவதும் ஜெபசீலி சாலையில்தான் நின்றிருந்தாள்.

மாரம்மா மருமகளோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். குழாயின் நிறம் அவளுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. பச்சை வந்தால் வெள்ளையம்மாவை விசாரிப்பாள்: "எதையாச்சும் தின்னியா? உண்மையச் சொல்லு." நீலம் வந்தால் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். ஒருநாள் காலை மருந்து கொஞ்சம் கூடிப்போய், வெள்ளையம்மா வியர்த்து ஊற்றி, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கட்டிலை விட்டிறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள். கண்டுபிடித்து, வெல்லத் தண்ணீரைப் புகட்டி உட்கார வைத்தார்கள். தெளிந்ததும், "ஊருக்குப் போயிக்கினு இருந்தேன்" என்றாள். மாரம்மா பொங்கிவிட்டாள். "வெல்லம் வெசம்னு சொல்லிட்டு நீயே ஊத்தறியே, எதம்மா நான் நம்பறது?" ஜெபசீலி அவளுக்கு உட்கார்ந்து விளக்கினாள். அநேகமாக அந்த மாதங்களில் அவள் உட்கார்ந்தது அப்போது மட்டும்தான்.

மாசி பிறந்தது. இனிதான் ஆபத்து. முந்தைய மூன்றும் இறந்தது கடைசி வாரங்களில். அதற்குமுன் வயிற்றைக் கிழித்து எடுத்துவிட வேண்டும் என்று ஜெபசீலி சொன்னாள். சிங்கராயர் மறுத்தார்.

"சர்க்கரைக்காரி வயித்துல கத்தி வெச்சா புண்ணு ஆறுமா? மயக்க மருந்து தாங்குவாளா? அதுவும் இருக்கட்டும். எத்தனை வாரம்னு எதை வெச்சுச் சொல்ற?"

"கேவுரு வெதைக்கும்போது மாசம் தப்புச்சுன்னு அவ சொல்றா. வயித்தோட உயரமும் ஏறக்குறைய ஒத்துப்போகுது."

"ஏறக்குறைய. அது தப்பா இருந்தா பழுக்காத குழந்தைய வெளியே எடுத்துச் சாக விடுவோம். தாயும் போவா."

"தப்பா இருக்கலாம் சார். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

சிங்கராயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் வாதாடினவள் இப்படி ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தெரியாதுன்னா ஏன் இவ்வளவு அவசரப்படற?"

"காத்திருந்தா என்ன ஆகும்னு மட்டும் தெரியும். மூணு தடவ ஆகியிருக்கு."

சிங்கராயர் மரக்குழலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய், வெள்ளையம்மாவின் வயிற்றில் அதை ஊன்றி, குழந்தையின் துடிப்பை வெகுநேரம் கேட்டார். ஜெபசீலி கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். "நில்லும்மா, உன் காலடிச் சத்தம்தான் கேக்குது" என்று அதட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. துடிப்பு விட்டுவிட்டுத் தளர்ந்து கேட்டது. "நாளைக்குக் காலையில" என்றார்.

மறுநாள் காலை சிங்கராயர் கத்தி எடுத்தார். ஜெபசீலி தலைமாட்டில் நின்றாள். பெண் குழந்தை. ஒன்பது பவுண்டு. நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. சாந்தம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்ட, சளியை உறிஞ்சியெடுக்க, ஜெபசீலி வாயோடு வாய் வைத்து ஊத, கடைசியில் பூனைக்குட்டிபோல ஒரு முனகல் வந்தது. மூச்சு வந்ததும் எல்லாரும் தளர்ந்தார்கள். அவள் தளரவில்லை. தாயின் சர்க்கரைக்குப் பழகின உடம்பு, அது நின்றதும் சரியும் என்று படித்திருந்தாள். மத்தியானத்துக்குள் குழந்தையின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டாள். நடுக்கம் நின்று மறுபடி வந்தது. மறுபடி விட்டாள். அந்த வாரம் முழுக்கக் குழந்தையின் பக்கத்திலிருந்து அவளை நகர்த்த முடியவில்லை.

குழந்தை பிழைத்தது. வெள்ளையம்மாவின் காயம் மெதுவாக, சீழ் வைத்து, பின் ஆறியது. ஆறுகிறவரை அவள் பிள்ளையைத் தொடப் பயந்தாள். சென்னப்பன்தான் முதலில் தூக்கினான். தூக்கினவன் வார்டின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் மட்டும் குலுங்கிற்று. பெண் பார்க்கும் பேச்சை மாரம்மா அப்புறம் எடுக்கவே இல்லை.

சேதி பரவியது. கனத்த குழந்தைகளைச் சாகக் கொடுத்த பெண்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். சிங்கராயர் கிடங்கை வேறிடத்துக்கு மாற்றி, சனிக்கிழமை அறையை எல்லா நாளும் திறக்கச் சொன்னார். இனி ஜெபசீலி நிலைத்துவிடுவாள் என்று யேசுராஜ் நினைத்தார். மாப்பிள்ளை பேச்சையும் எடுத்துப் பார்த்தார். அவளோ முன்னைவிட அலைந்தாள். ஊத்தங்கரையிலிருந்து வந்த நாராயணம்மா என்பவளுக்கு எல்லாம் அதேபோலச் செய்தும் குழந்தை இரண்டாம் நாள் மூச்சுத்திணறிப் போய்விட்டது. காரணம் ஜெபசீலிக்குப் புரியவில்லை. 1957-இல் சென்னைக்குப் போய், பேறுகால ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குழந்தைகளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு வருஷத்தில் திரும்பினாள். அங்கே நல்ல வேலை கொடுப்பதாகச் சொன்னார்கள். "டாக்டருங்க நிறையப் பேர் இருக்காங்க அங்க" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

திரும்பி வந்த சில நாளில் நாராயணம்மா வந்து நின்றாள். மறுபடி முழுகாமல் இரண்டாம் மாதம். "இந்தத் தடவ பொழைக்குமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. போன தடவையவிட இப்ப கொஞ்சம் அதிகமாத் தெரியும். அவ்வளவுதான். இருக்கறியா?"

நாராயணம்மா மூட்டையைக் கீழே வைத்தாள்.

அந்தக் குழந்தை பிறந்தபோது ஜெபசீலி அங்கே இல்லை. பிறந்த குழந்தைகளைச் சூட்டில் வைத்துக் காக்கிற பெட்டி ஒன்றைக் கேட்டுப் பெங்களூருக்குப் போய், யார் யாரிடமோ மன்றாடிவிட்டு, வெறுங்கையோடு கிருஷ்ணப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். அப்போது அவர் பெங்களூர் வழித்தடத்துக்கு மாறியிருந்தார். தேதிக்கு முன்னாடியே வலி எடுத்துவிட, சிங்கராயரே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவள் வந்திறங்கியபோது வாசலிலேயே நின்று, "பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போய்க் கொஞ்சம் படு" என்றார்.

"அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு சார்?" என்று கேட்டபடியே அவள் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.